அச்சுக்காரியின் சாபமும் கடலுக்கு அப்பால் வெடித்த மலையும்

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவளுக்கு இருந்தது. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். செங்கல் களத்தில் எல்லோருக்கும் அவள் அச்சுக்காரி. குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மணலில் புரட்டிய மர அச்சுக்குள் ஒரு உருண்டைக் களிமண்ணை ஓங்கி அடித்து, மேலே வழித்துவிட்டு அச்சைத் தூக்கினால், கல் நாலு மூலையும் கத்தியால் வெட்டியது போல நிற்கும். எல்லோருடைய கல்லையும் ஒரே குவியலாகக் கொட்டினால்கூடக் கொத்தனார்கள் அவள் அறுத்ததைத்தான் முதலில் பொறுக்குவார்கள். கை அப்படி. வாய் அதைவிடக் கூர்மை.

அந்தக் களம் அவள் புருஷனும் அவன் தம்பியும் சேர்ந்து தொடங்கியது. புருஷன் விறகு வாங்க ஊர் ஊராகப் போவான். கொழுந்தன் களத்தில் இருந்து வேலை வாங்குவான். ஒரு மழைக்காலம் முடிந்த கையோடு, அண்ணன் விறகுக்குப் போயிருந்த நேரம் பார்த்து, தம்பி அவசரப்பட்டுச் சூளையை அடுக்கிவிட்டான். கல் காயவில்லை. பச்சைக்கல் ஈரத்தோடு சூளைக்குள் போனால் என்ன ஆகும் என்று செங்கல் களத்தில் தவழும் குழந்தைக்குக்கூடத் தெரியும். நெருப்புச் சூட்டில் ஈரம் ஆவியாகும், அந்த ஆவியில் அடி வரிசை மறுபடியும் சேறாக இளகும், மேலே இருக்கும் பாரம் தாங்காமல் மொத்தமும் உட்காரும். அண்ணன் திரும்பி வந்தபோது நெருப்பு மூட்டியாகிவிட்டது. மேல் பூச்சில் வெடிப்பு விட்டுப் புகை கசிந்தது. “கல் காஞ்சுதாடா?” என்று கேட்டான். “நல்லா காஞ்சுது அண்ணே” என்றான் தம்பி. அந்த வார்த்தையை நம்பி, ஒரு சட்டி சேற்றோடு வெடிப்பை அடைக்க மேலே ஏறியவன்தான். சூளை அவனோடு சேர்ந்து உட்கார்ந்தது.

அதோடு விட்டிருந்தால் அச்சுக்காரி விதியே என்று அழுதிருப்பாள். கொழுந்தன் அதோடு விடவில்லை. “அண்ணன் குடிச்சிட்டு ஏறினாரு. கால் தடுமாறி விழுந்தாரு. அவர் விழுந்த வேகத்துலதான் சூளையே சரிஞ்சுது” என்று டீக்கடையில் சொன்னான், மண்டித் தெருவில் சொன்னான், துக்கம் கேட்க வந்தவர்களிடம் சொன்னான். சாராய வாடை பட்டாலே நாலு தெரு சுற்றிப் போகிற மனிதன் குடித்துச் செத்தான் என்று ஆனது. களத்தில் இருந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் மறுநாள் வேலை இருக்காது.

அதைவிடக் கொடுமை, டவுனில் தையல் கம்பெனியில் வேலை பார்த்த அவள் மகளும் அதை நம்பியது. சின்ன வயதில் தோளில் தூக்கித் திரிந்த சித்தப்பா கண்ணீர் விட்டுச் சொன்னால் எந்தப் பெண் நம்ப மாட்டாள்? தன் வீட்டில் மாட்டியிருந்த அப்பாவின் படத்தை அவள் கழற்றி வைத்துவிட்டாள். “குடிச்சுட்டு நம்மள நடுத்தெருவுல விட்டுட்டுப் போனவர ஏம்மா இன்னும் தாங்கிப் பேசுற?” என்று கேட்டாள்.

“எந்த வீட்டுல அந்தாளு குடிகாரன்னு பேச்சு இருக்கோ, அந்த வீட்டுப் படிய நான் மிதிக்க மாட்டேன்” என்று சொல்லிவிட்டு வந்த அச்சுக்காரி, மகள் வீட்டுப் பக்கம் அப்புறம் போகவே இல்லை. பேத்தி பிறந்தபோதும் போகவில்லை. பிடிவாதத்தில் அவள் சுட்ட கல்.

மகள் வீட்டிலிருந்து திரும்பிய அன்றைக்குத்தான் அவள் கொழுந்தனைச் சபித்தாள். களத்தில் வேலை நடந்துகொண்டிருந்தது. அவன் கொட்டகை வாசலில் போய் நின்றாள். கத்தவில்லை. தலைவிரி கோலமாக ஆடவும் இல்லை. பக்கத்தில் நிற்பவரிடம் நேரம் கேட்பது போலச் சொன்னாள்.

“தம்பி, ஈரக் கல்லக் காஞ்ச கல்லுன்னு சொல்லி என் புருஷனக் கொன்ன. இனிமே உன் கல்லு காயக்கூடாது. வெயிலு உன் களத்துப் பக்கம் திரும்பக்கூடாது. நீ ஈரக் கல்லோடயே நின்னு சாகணும்.”

கொழுந்தன் சிரித்தான். “வெயிலு என்ன அண்ணி, உங்க வீட்டு விளக்கா? வாயால ஊதி அணைக்க?”

பேசியவள் வீட்டோடு போயிருந்தால் அவனுக்கு நிம்மதி. மறுநாள் காலையில் அச்சும் மணல் சட்டியுமாக வந்து நின்றாள். அதுவரை களத்தின் கோடியில், வேப்பமர நிழலில் கல் அறுத்தவள், அன்றிலிருந்து அவன் கொட்டகை வாசலுக்கு நேர் எதிரே இடம் பிடித்தாள். அவன் காலையில் கதவைத் திறந்தால் அவள் முகம். சாயங்காலம் பூட்டினால் அவள் முகம். பாதிக் களம் அவள் புருஷன் வியர்வை, போ என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. “எதுக்குக்கா அவன் மூஞ்சில முழிக்கிறீங்க?” என்று கேட்ட பெண்களிடம், “நான் அவன் மூஞ்சில முழிக்கல. அவன் என் மூஞ்சில முழிக்கிறான்” என்றாள்.

இரண்டு கோடை போனது. வெயில் வழக்கம் போல அடித்தது. கொழுந்தனின் கல் வழக்கம் போலக் காய்ந்தது. சாபம் பலிக்கவில்லை என்று களத்துப் பெண்கள் மறந்தே போனார்கள்.

பிறகு ஒரு மாலை, சூரியன் இறங்கிய பின்னும் வானம் இருட்டவில்லை. மேற்குப் பக்கம் முழுக்கக் கத்தரிப்பூ நிறமும் ரத்தச் சிவப்புமாகக் கலந்து நின்றது. டவுனில் தீப்பிடித்துவிட்டது என்று சிலர் ஓடிப்போய்ப் பார்த்தார்கள். மறுநாளும் அப்படியே. பகலில் வானத்தின் நீலம் போய், பால் கொட்டித் துடைத்த தரை மாதிரி வெளுத்துக் கிடந்தது. உச்சி வெயிலில் சூரியனைச் சுற்றி அழுக்கு நிறத்தில் ஒரு வளையம். நிழல் விழுந்தது, ஆனால் ஓரம் தெளிவில்லை. கரைந்த மை போல விழுந்தது.

முதலில் எல்லோருக்கும் சந்தோஷம். “கோடையில ஏசி போட்டு விட்ட மாதிரி இருக்கு” என்றார்கள். அச்சுக்காரி மட்டும் அன்று காலை அறுத்த கல்லைச் சாயங்காலம் புரட்டிப் பார்த்தாள். விரலை வைத்தால் பதிந்தது. கோடையில் அந்த நேரத்துக்கு நகம்கூட இறங்காது. அவள் தலையை நிமிர்த்தி, கொட்டகை வாசலில் நின்ற கொழுந்தனைப் பார்த்துச் சிரித்தாள். புருஷன் போன பிறகு அவள் சிரித்து அன்றுதான் களம் பார்த்தது.

நாளாக ஆக ஏசி பேச்சு நின்றது. துவைத்துப் போட்ட துணி இரண்டு நாள் கொடியில் கிடந்து வாடை அடித்தது. பூசணிக் கொடி பூத்துப் பூத்துப் பிஞ்சு பிடிக்காமல் கருகியது. கோடை நடுவில் தூறலாக மழை வந்து, காயப்போட்ட கல்லையெல்லாம் மொழுமொழுவென்று கரைத்துவிட்டுப் போனது. கட்டடக்காரர்கள் கல் கேட்டு ஆள்மேல் ஆள் அனுப்பினார்கள். சுற்றியிருந்த சூளைகள் ஒவ்வொன்றாக நெருப்பு மூட்டுவதை நிறுத்தின.

களத்துப் பெண்களுக்கு அப்போதுதான் சாபம் ஞாபகம் வந்தது.

கல் ஏற்ற வரும் லாரி டிரைவர் ஒரு நாள் பேப்பரில் படித்ததைச் சொன்னான். அவன் தங்கை புருஷன் சரக்குக் கப்பலில் சமையல்காரன். அவனும் போனில் சொன்னானாம். “கடலுக்கு அந்தாண்ட ஒரு எரிமலை வெடிச்சிருக்கு, அக்கா. அந்தப் பக்கம் பட்டப்பகல்ல கும்மிருட்டாம். கப்பல் தளத்துல முழங்காலளவு சாம்பல். மண்வெட்டி போட்டு வாரிக் கடல்ல தள்ளினாங்களாம். மலையடிவாரத்துல கூரையெல்லாம் சாம்பல் பாரத்துல இடிஞ்சு, மழைத்தண்ணியே புளிச்சுப்போய், இலை தழை எல்லாம் வெந்துபோச்சாம்.”

“ஐயோ பாவம். அதுக்கும் நம்ம கல்லுக்கும் என்ன?”

“சாம்பல் அங்கயே விழுந்துடுச்சு. ஆனா கந்தகப் புகை இருக்கே, அது மேகத்துக்கும் மேல ஏறிடுச்சாம். மழை பெய்யறது கீழ. அதுக்கு மேல இருக்கிற புகைய எந்த மழை வந்து கழுவும்? அது அங்கயே நின்னு உலகம் பூரா மெல்லிசா படர்ந்துடுச்சு. நமக்கும் சூரியனுக்கும் நடுவுல ஒரு திரை கட்டின மாதிரி. எங்கயோ கோதுமை முத்தவே இல்லையாம். இன்னொரு எடத்துல கோடையில பனி கொட்டுதாம்.”

சுற்றி நின்ற பெண்கள் அச்சுக்காரியைப் பார்த்தார்கள். ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு, “அப்போ உங்க சாபம் இல்லையாக்கா? மலை பண்ணின வேலையா?” என்றாள்.

இரண்டு வருஷமாகப் பல்லைக் கடித்துக் காத்திருந்தவளுக்கு, முகம் தெரியாத மலை ஒன்று குறுக்கே வந்து பெயரைத் தட்டிக்கொண்டு போவது பொறுக்கவில்லை.

“ஏன், சாபம் நேரா வரணும்னு சட்டமா? அது கடல் தாண்டிப் போயி, தூங்கற மலைய எழுப்பி, மலை வெடிச்சு, அந்தப் புகை இங்க வந்து சேர நேரம் ஆகாதா? உங்க மாமியார் வீட்டுக்கு ஒரு சேதி போக எத்தன நாள் ஆகுது?”

பெண்கள் சிரித்துவிட்டார்கள். டிரைவரும் சிரித்தான். “அப்போ கோதுமைக்காரங்களும் உங்க கணக்குலதானா?”

அவள் முகம் சுருங்கியது. களிமண்ணை அழுத்திப் பிசைந்தாள். “அந்தப் பாவத்த என் தலையில கட்டாத, தம்பி. மலையடிவாரத்துல செத்தவங்க, பசியில கிடக்கறவங்க, அது மலையோட பாடு. இந்தக் களத்து வெயில் மட்டுந்தான் என்னது” என்றாள். பிறகு, “இது எத்தன நாளைக்கு இருக்குமாம்?” என்று கேட்டாள்.

“ஒரு வருஷம், ரெண்டு வருஷம்னு போட்டிருக்கான். கொஞ்சம் கொஞ்சமா கீழ இறங்கினாத்தான் தெளியுமாம்.”

“போதும்” என்றாள் அச்சுக்காரி.

சாபமோ மலையோ, கொழுந்தன் வீட்டில் பயம் புகுந்துவிட்டது. ஓரகத்தி, அவன் பெண்டாட்டி, ஒரு நாள் மத்தியானம் சாப்பாட்டுத் தூக்கோடு வந்து அச்சுக்காரி பக்கத்தில் உட்கார்ந்தாள். “அக்கா, எங்களுக்கும் பிள்ளைங்க இருக்கு. நீங்க ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லிட்டா…”

“நான் எதையும் திருப்ப வேண்டியதில்ல. உன் புருஷன்தான் ஒரு வார்த்தையத் திருப்பணும். அண்ணன் குடிக்கலன்னு நாலு பேர் முன்னாடி சொல்லச் சொல்லு. நீ கொண்டு வந்த சோறு ஆறுது, எடுத்துட்டுப் போ.”

ஓரகத்தி போய்ச் சொன்னாள். கொழுந்தன் பதிலுக்கு வேறு காரியம் செய்தான். எல்லாச் சூளையும் அணைந்து கிடக்கும்போது தான் மட்டும் சுட்டால் கட்டடக்காரர்கள் தன் காலடியில் நிற்பார்கள் என்று கணக்குப் போட்டான். காயாத கல்லை வாரிச் சூளை அடுக்கச் சொன்னான். வெளிப்பக்கம் காய்ந்த மாதிரி வெளுத்திருந்தது; உடைத்துப் பார்த்தால் நடுவில் கருப்பாக ஈரம். பட்டும் புத்தி வராதவனுக்கு எதைச் சொல்லி என்ன.

சூளையை அடுக்கி நெருப்பு வைக்கும் கிழவரை எல்லோரும் தீக்காரர் என்பார்கள். அச்சுக்காரி புருஷன் செத்த அன்றைக்கும் அவர்தான் நெருப்பு வைத்தார். அவர் ஒரு கல்லை உடைத்து அவளிடம் கொண்டுவந்து காட்டினார்.

“என்னம்மா இது, சேறா இருக்கு. உங்க கொழுந்தன்கிட்டப் போய்ச் சொல்லிடட்டுமா?”

“அன்னைக்குச் சொன்னீங்களா, அண்ணே?”

தீக்காரர் தலை குனிந்தார்.

“இன்னைக்கும் சொல்லாதீங்க. அவரு காஞ்ச கல்லுன்னா காஞ்ச கல்லுதான். ஒண்ணு மட்டும் செய்யுங்க. மேல ஏறச் சொன்னா ஏறாதீங்க. நீங்க மட்டுமில்ல, ஒருத்தரும் ஏறக்கூடாது.”

அன்று இரவே அவள் ஒவ்வொரு வீடாகப் போய் அதைச் சொல்லிவிட்டு வந்தாள். வேலை போகும் என்று பயந்தவர்களிடம், “வேல போனா தேடிக்கலாம். என் வீட்டுல போனது தேடியும் கிடைக்கல” என்றாள்.

நெருப்பு வைத்த மறுநாள் காலை. சூரியன் வளையத்தோடு மங்கலாக நின்றது. சூளையின் வாய்களில் தீ எரிந்தது, ஆனால் எரிகிற சத்தத்தைவிடச் சீறுகிற சத்தம் அதிகமாக இருந்தது. அடி வரிசையில் தண்ணீர் கோடு கோடாக வழிந்தது. கிழக்குச் சுவர் கர்ப்பிணி வயிறு போல முன்னால் தள்ளி நின்றது. மேல் பூச்சு வெடித்துப் புகை கசிந்தது.

“யாராவது ஏறி அடைங்கடா” என்றான் கொழுந்தன்.

யாரும் அசையவில்லை. தீக்காரரைப் பார்த்தான். தீக்காரர் சேற்றுச் சட்டியைக் கீழே வைத்தார்.

அச்சுக்காரி தன் இடத்திலிருந்து எழுந்து கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தாள். ஏணியை எடுத்து அவளே சூளைமேல் சாய்த்தாள்.

“ஏன் தம்பி ஊர்க்காரன ஏறச் சொல்ற? நீ அடுக்கின சூளை. காஞ்ச கல்லு. நீ குடிக்கவும் மாட்ட. உனக்கென்ன, தாராளமா ஏறு.”

ஓரகத்தி ஓடி வந்து அவன் சட்டையைப் பிடித்தாள். “ஏறாதீங்க. அக்கா, நீங்களாவது வேணாம்னு சொல்லுங்கக்கா.”

“நான் எதுக்கு வேணாம்னு சொல்றேன்? ஏறுன்னுதான் சொல்றேன்.”

அது வாய்ப்பேச்சு இல்லை. அவள் மனம் உண்மையாகவே ஏறு ஏறு என்றது. அவன் ஏற வேண்டும், உச்சிக்குப் போக வேண்டும், காலடியில் கல் இளகுவதை அவள் புருஷன் உணர்ந்தது போல அவனும் உணர வேண்டும். களம் மொத்தமும் பார்த்துக்கொண்டிருந்தது. கொழுந்தன் வீராப்பில் சட்டியை எடுத்தான். ஒரு படி ஏறினான். இரண்டாவது படியில் அவன் முகத்துக்கு நேரே இருந்த கல், அவன் கண் முன்னாலேயே பிதுங்கி வழிந்தது. சட்டி கையிலிருந்து விழுந்தது. இறங்கி வந்தான்.

“என்ன தம்பி?”

“ஈரம்” என்றான்.

“சத்தமா.”

“கல்லு ஈரமா இருக்கு, அண்ணி.”

“ஈரக் கல்லுல ஏறினா என்ன ஆகும்?”

“உட்கார்ந்துடும்.”

“அன்னைக்கு என் புருஷன் ஏறின கல்லு?”

அவன் தரையைப் பார்த்தான். சூளைக்குள் ஏதோ முறிகிற சத்தம் கேட்டது, எல்லோரும் பின்வாங்கினார்கள். அவள் மட்டும் நகரவில்லை. அவள் நகராததால் அவனும் நகர முடியவில்லை.

“ஈரந்தான்” என்றான். “அண்ணன் குடிக்கல. நான்தான்… காஞ்சுதுன்னு நான்தான் சொன்னேன். நம்பி ஏறினாரு.”

தீக்காரர் வந்து இருவரையும் கையைப் பிடித்து இழுத்தார். அவர்கள் தள்ளி வந்த சற்று நேரத்தில் கிழக்குச் சுவர் உட்கார்ந்தது. சத்தம்கூடப் பெரிதாக இல்லை. ஈர மூட்டையைக் கீழே போட்டது போல ஒரு தொப்பென்ற ஓசை, பிறகு ஆவி. உச்சி இருந்த இடத்தில் ஒரு குழி. களத்துப் பெண்களில் ஒருத்தி விம்மி அழுதாள்.

அத்தோடு முடிந்தது என்று கொழுந்தன் நினைத்தான். அச்சுக்காரி அப்படி நினைக்கவில்லை. “வா” என்றாள்.

“எங்க, அண்ணி?”

“எங்கெங்க சொன்னியோ அங்கெல்லாம்.”

அவள் முன்னால் நடந்தாள். அவன் பின்னால் நடந்தான். டீக்கடையில் நிறுத்தினாள், சொன்னான். அரையும் குறையுமாக முணுமுணுத்தபோது, “பின்னால உட்கார்ந்திருக்கறவருக்குக் கேக்கல” என்று மறுபடி சொல்லவைத்தாள். மண்டித் தெருவில் கடை கடையாக நிறுத்தினாள். அன்றைக்கு உச்சுக் கொட்டிக் கேட்டவர்கள் இன்றைக்கு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தராசைத் துடைத்தார்கள். ஒரு கடைக்காரர், “விடும்மா, செத்தவரு திரும்பியா வரப் போறாரு” என்றார். “அவரு வர வேணாம். அவரு பேரு வரட்டும்” என்றாள்.

டவுனுக்குப் போகும் வழியில் அவன் மெதுவாகக் கேட்டான். “எல்லாம் சொல்லிட்டேனே, அண்ணி. இப்பவாவது சாபத்த எடுத்துடுங்க. வெயில் வரட்டும்.”

“வெயிலா? அது என்கிட்ட இல்லையே, தம்பி. எங்கயோ மலை வெடிச்சுதாம், பேப்பர்ல போட்டிருக்காம். அந்த மலைகிட்டப் போய்க் கேளு.”

கடைசியாக மகள் வீடு. தையல் கம்பெனிக்குப் பின்னால் ஒற்றை அறை வீடுகள் வரிசையாக இருந்த சந்து. சாயங்காலம் ஆகவில்லை, அதற்குள் எல்லா வீட்டிலும் விளக்குப் போட்டிருந்தார்கள். அவ்வளவு மங்கல். அச்சுக்காரி படிக்குக் கீழேயே நின்றுகொண்டாள். கதவைத் தட்டச் சொல்லி அவனைக் கைகாட்டினாள்.

மகள் கதவைத் திறந்தாள். இடுப்பில் குழந்தை. சித்தப்பாவைப் பார்த்தாள், கீழே அம்மாவைப் பார்த்தாள், உடம்பெல்லாம் சேறும் கரியுமாக நின்ற இருவரையும் பார்த்து, “யாருக்கு என்ன ஆச்சு?” என்றாள்.

கொழுந்தன் சொன்னான். இந்தத் தடவை யாரும் தூண்டவில்லை, முழுவதும் சொன்னான். ஈரக் கல்லை, அண்ணன் கேட்டதை, தான் சொன்ன பொய்யை, அவளிடம் அழுது நடித்ததை. மகளின் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. குழந்தை அவள் காதணியை இழுத்தது. அதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

“இன்னொரு தடவை சொல்லுங்க, சித்தப்பா.”

சொன்னான்.

“எங்கப்பா குடிச்சிருந்தாரா?”

“இல்லம்மா.”

மகள் இறங்கி வந்தாள். அம்மாவின் சேற்றுக் கையைப் பிடித்து மேலே இழுத்தாள். “உள்ள வாம்மா” என்றாள். அச்சுக்காரி படியை மிதித்து உள்ளே போனாள். மகள் கதவைச் சாத்தினாள்.

உள்ளே குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தவள், அதன் முகத்தை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மூக்கு அவள் புருஷன் மூக்கு. மகள் பெட்டிக்கு அடியிலிருந்து அப்பாவின் படத்தைத் தேடி எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தாள். வெளியே தூறல் விழத் தொடங்கியது. சந்தில் செருப்புச் சத்தம் எதுவும் கேட்கவில்லை.

மகள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். “இன்னும் போகல. நனைஞ்சிட்டு நிக்கறாரு. போகச் சொல்லட்டுமா?”

அச்சுக்காரி குழந்தையின் விரல்களைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

“நிக்கட்டும்” என்றாள்.